பற்றரி மருந்தடிக்கிற மெசின் வாங்க முன்

பற்றரியில் ஓடும் மருந்தடிக்கிற மெசின் வாங்கப் போனால், பெட்டியில் '20 லீற்றர்', 'இரட்டை மோட்டர்' என்றுதான் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். மெசின் எத்தனை போகம் உழைக்கும் என்பது வேறு மூன்று விடயங்களில் தங்கியிருக்கிறது. பற்றரி என்ன நிலையில் இருக்கிறது, பம்புக்குப் போகும் தண்ணீர் எப்படி அரித்து வடிக்கப்படுகிறது, உதிரிப்பாகம் பக்கத்தில் கிடைக்குமா என்பவையே அவை.

முதலில் தேவையைக் கணக்கிடுங்கள். காய்க்கும் பருவத்து மிளகாய்க்கோ கத்தரிக்கோ ஏக்கருக்கு 200 லீற்றர் தண்ணீர் போகிறது என்று வைத்தால், 16 லீற்றர் தாங்கியால் 12, 13 தரம் அடிக்கவேண்டும். கால் ஏக்கருக்கு மூன்று தாங்கி போதும். நிமிடத்துக்கு 0.8 லீற்றர் விடும் நொசிலில் ஒரு தாங்கி முடிய 20 நிமிடம். மோட்டர் பொதுவாக 2 முதல் 3 அம்பியர் இழுக்கும். 12 வோல்ற் 8 அம்பியர்-மணி பற்றரி கணக்குப்படி மூன்று மணித்தியாலம் ஓடவேண்டும், ஆனால் ஈயப் பற்றரியை அடியோடு இறக்கக்கூடாது என்பதால் இரண்டு மணித்தியாலம் என்றே எடுங்கள். அது ஆறு தாங்கி, ஏறக்குறைய அரை ஏக்கர். அதற்குக் குறைந்த தோட்டத்துக்கு 12 அம்பியர்-மணி பற்றரி வாங்குவது முதுகுக்கு வீண் பாரம்.

பாரத்தை லேசாக எண்ணாதீர்கள். 16 லீற்றர் தண்ணீரோடு ஈயப் பற்றரி மெசின் 21, 22 கிலோ வரும். 20 லீற்றர் என்றால் 26 கிலோ. தண்ணீர் கட்டிய தோட்டத்துச் சேற்றில் அதைச் சுமந்து சால் சாலாக நடக்கவேண்டும். வீட்டில் பெண்களோ வயதானவர்களோ அடிப்பதாக இருந்தால் 16 லீற்றர் மெசினை எடுத்து 10 லீற்றருக்கு மேல் நிரப்பாமல் பாவிப்பது நல்லது. தோள்பட்டி அகலமாக, பஞ்சு வைத்ததாக இருக்கட்டும்.

ஈயப் பற்றரியா, லித்தியமா? ஈயப் பற்றரி இரண்டரை கிலோ அளவில் இருக்கும், ஆனால் விலை குறைவு, செத்துப்போனால் அதே அளவு பற்றரியை வேறு கடைகளிலும் தேடிப் பிடிக்கலாம். லித்தியம் பாரத்தில் அதன் பாதிக்கும் குறைவு, ஆழமாக இறங்கினாலும் தாங்கும். ஆனால் அதற்குரிய சார்ஜர்தான் போடவேண்டும், ஈயப் பற்றரியின் சார்ஜரைக் கொழுவக் கூடாது. அடிக்கடி மருந்தடிப்பவர்களுக்கு லித்தியம் பொருந்தும். சிறுபோகத்தில் மட்டும் தோட்டம் செய்து மாதக்கணக்கில் மெசினை மூலையில் வைப்பவர்கள் ஈயப் பற்றரியை எடுத்தால், மாதம் ஒருமுறை சார்ஜ் போடும் பழக்கம் வேண்டும். இறங்கிய நிலையில் கிடந்தால் தகடுகளில் சல்பேற் படிந்து இறுகிவிடும். பிறகு இரவு முழுக்கச் சார்ஜ் போட்டாலும் ஒரு தாங்கியோடு நின்றுவிடும்.

இதனால்தான் புது மெசினின் பற்றரியையும் சோதிக்கச் சொல்கிறோம். தகரக் கூரைக் கடைக்குள் மாதக்கணக்கில் வெக்கையில் கிடந்த பற்றரி, பெட்டி திறக்க முன்னமே பாதி பழுதாகியிருக்கலாம். கடையில் மல்ரிமீற்றர் கேளுங்கள். மெசின் ஓடாமல் இருக்கும்போது ஈயப் பற்றரி 12.6 வோல்ற்றுக்குக் கிட்டக் காட்டவேண்டும். 12.2க்குக் கீழே இருந்தால் வேறு பெட்டி கேளுங்கள். பிறகு தாங்கியில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டு, நொசிலை அளவுக் கோப்பைக்குள் பிடித்து ஒரு நிமிடம் அளவுங்கள். கைபிடியை விட்டதும் மோட்டர் நிற்கவேண்டும். விட்ட பிறகும் சில வினாடிக்கு ஒருக்கால் 'டக் டக்' என்று ஓடி ஓடி நின்றால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது பம்பின் வால்வு சரியாக மூடவில்லை. கடைசியாக மூடியை இறுக்கி மெசினைச் சரித்துப் பாருங்கள். மூடியின் வோசரால் கசியும் ஒவ்வொரு துளியும் நாளை மருந்தாக உங்கள் முதுகில் வழியும்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ள மெசினையே எடுங்கள். பூச்சி, பூஞ்சண மருந்துக்குக் கூம்பாகத் தெளிக்கும் நொசில், களைகொல்லிக்கு விசிறி நொசில். களைகொல்லிக்கு 2 பார் அமுக்கம் தாராளம். அமுக்கம் கூடினால் துளி புகையாகி, சோழகக் காற்று அடிக்கும் மாதங்களில் பக்கத்துக் காணிப் பயிரில் போய் விழும். தரமான விசிறி நொசில்களில் 3 பார் அமுக்கத்துக்கு மஞ்சள் நிமிடத்துக்கு 0.8 லீற்றர், நீலம் 1.2, சிவப்பு 1.6. மலிவானவற்றில் நிறத்தை நம்பாமல் அளந்தே பாருங்கள்.

கைப்பம்பிலிருந்து மாறுபவர்கள் பழைய கணக்கில் மருந்து கலக்கக்கூடாது. பற்றரி மெசின் ஒரே சீராக விடுவதால் அதே நிலத்துக்குப் போகும் தண்ணீர் மாறிவிடும். 10 மீற்றருக்கு 10 மீற்றர் அளந்து, வழமையான நடையில் வெறும் தண்ணீர் அடியுங்கள். போன தண்ணீரை 40ஆல் பெருக்கினால் ஏக்கருக்கான அளவு வரும். 5 லீற்றர் போனால் ஏக்கருக்கு 200. போத்தலில் ஏக்கருக்கு என்று போட்டிருக்கும் மருந்தை, அந்தத் தண்ணீருக்கு எத்தனை தாங்கி வருமோ அத்தனைக்கும் பிரியுங்கள்.

வாய்க்கால் தண்ணீரிலும் குளத்துத் தண்ணீரிலும் களியும் பாசியும் வரும். வேப்பங்கொட்டைச் சாறு அடிப்பதென்றால் இரட்டைச் சீலையில் வடித்தே ஊற்றவேண்டும். தாங்கி வாயில் ஒன்று, பம்புக்குப் போகும் குழாயில் ஒன்று, கைபிடிக்குள் ஒன்று என்று மூன்று அரிப்புகளும் (வடிகளும்) உள்ள மெசினாகப் பாருங்கள். தூள் மருந்தை வாளியில் கரைத்து வடித்து ஊற்றுங்கள். இந்த மெசின்களில் பெரும்பாலும் கலக்கி இல்லை, அதனால் இடையிடையே உடம்பை அசைத்துத் தாங்கியைக் குலுக்காவிட்டால் தூள் அடியில் தங்கிப் பம்பை அடைக்கும்.

மோட்டர் ஓடியும் தண்ணீர் வராவிட்டால் முதலில் அடி அரிப்பைக் கழுவுங்கள். பிறகு நொசிலைக் கழற்றிவிட்டு ஓடவிடுங்கள், உள்ளே நின்ற காற்று வெளியேறும். நொசிலை வாயால் ஊதாதீர்கள், பழைய பல்துலக்கும் பிரஸ் போதும். முழுச் சார்ஜிலும் விசிறல் மெலிந்தால் ஓடும்போதே பற்றரியை அளவுங்கள். 11 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால் பற்றரி முடிந்தது. 11க்கு மேலே நின்றால் பம்பின் டயபிராமை, அதாவது உள்ளே தண்ணீரைத் தள்ளும் றப்பர் தகட்டைப் பாருங்கள். வாங்கும்போதே அந்த மொடலுக்கு டயபிராம், அமுக்கச் சுவிட்ச், வோசர் கடையில் இருக்கிறதா என்று கேட்டு, வோசர் ஒரு செற் கையோடு எடுங்கள்.

வேலை முடிந்ததும் மூன்று தரம் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு தரமும் நொசில் வழியாக ஓடவிட்டுக் கழுவுங்கள். கழுவும் தண்ணீர் கிணற்றுப் பக்கமோ வாய்க்காலுக்கோ போகக்கூடாது. பழைய கைப்பம்பை விற்றுவிடாமல் களைகொல்லிக்கென்றே ஒதுக்கி, அடையாளத்துக்குச் சிவப்புப் பெயின்ற் பூசி வையுங்கள். வயலுக்கு எம்.சி.பி.ஏ. என்ற களைகொல்லி அடித்த தாங்கியை எவ்வளவு கழுவினாலும், மிச்சமிருக்கும் சொற்பமே மிளகாய்க் கொழுந்தைச் சுருட்டப் போதும்.