கண்ணீர் அஞ்சலியைக் கீழே இருந்து வாசியுங்கள்

கோத்தகிரி பக்கம் ஒரு கிளைத் தபால் ஆபீசில் 29 வருடம் தபால் கொடுத்தவன் நான். காலையில் பேப்பர் வந்தால் ஊர் முழுக்க முதல் பக்கம் பார்க்கும், சிலர் ராசிபலன் பார்ப்பார்கள். நான் நேராக ‘காலமானார்’ எங்கே என்று தேடுவேன். “காலங்காத்தால சாவு சேதியா?” என்று வீட்டுக்காரி முணுமுணுக்காத நாள் இல்லை. ஆனால் எனக்கு அது தொழில். முதியோர் உதவித்தொகை மணியார்டரில் வந்துகொண்டிருந்த காலம். வாங்குகிறவர் இறந்துவிட்டால் ஃபாரத்தில் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். தெரியாமல் பணத்தை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறிப் போய் நின்றால், வாசலில் பந்தல் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

தொழிலுக்காகத் தொட்டது, ரிட்டையர் ஆகியும் விடவில்லை. இந்த மலைக்கு யார் எங்கிருந்து வந்தார்கள், அவர்கள் பிள்ளைகள் எங்கே இறங்கிப் போனார்கள் என்பதெல்லாம் அந்தக் கட்டம் கட்டிய விளம்பரங்களில்தான் கிடக்கிறது. எப்படி வாசிக்கலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் எங்கே பார்ப்பது. நமக்கு வருவது கோவைப் பதிப்பு. அதில் நீலகிரிச் செய்திகள் இருக்கும் பக்கம்தான் முக்கியம். பெரிய விளம்பரம் கண்ணில் தானாகப் படும். விட்டுப்போவது செய்திகளுக்கு நடுவே நான்கே வரியில் வரும் ‘காலமானார்’. அப்புறம் சுவரொட்டி. பஸ் ஸ்டாண்டிலும் டீக்கடைச் சுவரிலும் ஒட்டுகிறார்களே, அது பேப்பருக்கு ஒரு நாள் முந்தி வந்துவிடும். ஆனால் நம் ஊர் மழையில் இரண்டு நாள் தாங்காது. பார்த்தவுடன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். 2009 நவம்பரில் நிலச்சரிவு வந்து ரோடெல்லாம் போனபோது பேப்பர் கட்டும் ஒழுங்காக ஏறவில்லை. எத்தனை சாவைத் தவறவிட்டோம் என்று பின்னால்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

அடுத்து, இறந்தார் என்பதற்கு என்ன வார்த்தை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பாதி விஷயம் அதிலேயே வந்துவிடும். ‘கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்’ என்றால் சபை வீடு. எந்த ஆலயத்தில் ஆராதனை, எந்தக் கல்லறைத் தோட்டம் என்று அடுத்த வரியில் இருக்கும். ‘இயற்கை எய்தினார்’ என்று போட்டு, கூடவே ‘படத்திறப்பு’ என்றும் இருந்தால் பெரும்பாலும் கட்சிக்காரர், பழைய சுயமரியாதைக் குடும்பம். அங்கே போய் காரியம் என்றைக்கு என்று கேட்டு நிற்காதீர்கள். நான் கேட்டிருக்கிறேன். ‘வஃபாத்’ என்று பார்த்தால், நீங்கள் பேப்பரைப் பிரிக்கும்போதே அநேகமாக அடக்கம் முடிந்திருக்கும். பள்ளிவாசலுக்கு ஓடாமல் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். ‘சுபஸ்வீகாரம்’ என்றால் பிராமண வீடு, பதின்மூன்றாம் நாள். மற்ற வீடுகளில் பெரும்பாலும் பதினாறாம் நாள் காரியம். இந்தத் தேதியை மட்டும் எப்போதும் குறித்துக்கொள்ளுங்கள். சாவுக்குப் போக முடியாதவனுக்கு அதுதான் இரண்டாவது கதவு.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். எல்லோரும் மேலே இருந்து வாசிக்கிறார்கள்: போட்டோ, பேர், வயசு, ‘ஐயகோ’ என்று வருத்தம், அவ்வளவுதான், பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். மேலே இருப்பது எல்லாச் சாவுக்கும் ஒன்றுதான். விஷயம் அடியில், பொடி எழுத்தில் இருக்கிறது. ‘இவண்’ அல்லது ‘இப்படிக்கு’ என்று தொடங்கி மனைவி, மகன்கள், மருமகள்கள், மகள்கள், மருமகன்கள், பேரன் பேத்திகள். பேருக்குப் பக்கத்தில் திருப்பூர், கோவை, பெங்களூரு என்று ஊர். பசுந்தேயிலை விலை 1990களின் கடைசியில் விழுந்ததே, அதற்குப் பிறகு எத்தனை வீட்டுப் பிள்ளைகள் பனியன் கம்பெனிக்கு இறங்கினார்கள் என்பதை நான் இந்த ‘திருப்பூர்’களை எண்ணித்தான் தெரிந்துகொண்டேன். இந்த மலையின் படகர் வீட்டு விளம்பரம் என்றால் மருமகன்களின் ஊரைப் பாருங்கள். ஹட்டி என்றால் அவர்கள் ஊர், சொந்த ஹட்டிக்குள் பெண் எடுக்க மாட்டார்கள். அதனால் எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் சம்பந்தம் என்பது அந்த ஒரு வரியில் வந்துவிடும். ‘ஓய்வு’ என்று இருந்தால் அதையும் விடாதீர்கள். அருவங்காடு கார்டைட் (வெடிமருந்து) ஃபேக்டரி, ஊட்டி ஹெச்.பி.எஃப். ஃபிலிம் ஃபேக்டரி, குந்தா மின்வாரியம் என்று அதில் வரும். சமவெளியில் இருந்து ஏறிவந்த குடும்பங்களின் கதை பாதி அந்த மூன்று பெயர்களில் இருக்கிறது. பட்டியலில் ஒரு மகன் பேர் இல்லையென்றால் அங்கே ஏதோ சண்டை. அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

2006 வாக்கில் நடந்தது. நான் தபால் கொடுக்கும் லைனில் ஒரு பாட்டி, சிலோனில் இருந்து வந்தவர். அங்கே தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில், 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட கூட்டம். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் வனத்துறை தேயிலை போட ஆரம்பித்தது, 1976இல் அது டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கம்பெனி ஆனது. பாட்டியின் குடும்பம் ஒரு கப்பலில், அண்ணன் குடும்பம் வேறு கப்பலில். கப்பலில் வந்தவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமோடு இரண்டு குடும்பத்துக்கும் தொடர்பு அறுந்துபோயிற்று. ஒருநாள் பணம் கொடுக்கப் போன இடத்தில் திண்ணையில் உட்கார்ந்து பேப்பரை அவருக்கு வாசித்துக் காட்டினேன். சேரம்பாடி பக்கம் ஒரு பெரியவரின் அஞ்சலி, தீப்பெட்டி அளவு. கீழே கடைசி வரியில் ‘பிறப்பிடம்: இலங்கை, பசறை’ என்று இருந்தது. பாட்டி வெற்றிலை மெல்வதை நிறுத்தினார்.

“வலது புருவத்துக்கு மேல தழும்பு இருக்கா பாரு தம்பி. கவ்வாத்துக் கத்தி பட்டது.”

தேயிலைச் செடியை வெட்டிவிடும் கத்தியைச் சொன்னார். பேப்பரைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனேன். பேப்பர் போட்டோ கிட்டே போகப் போக வெறும் புள்ளிதானே. புருவத்துக்கு மேல் கறுப்பாக ஒரு கோடு இருந்தது. தழும்பா, மை இழுத்ததா? சொல்லத் தெரியவில்லை. பதினாறாம் நாள் தேதி போட்டிருந்தார்கள், இன்னும் 9 நாள் இருந்தது. பாட்டியை அவர் பேரனோடு அனுப்பி வைத்தோம். மூன்று பஸ் மாறிப் போனார்கள். அங்கே சுவரில் கலர்ப் படம் மாட்டி மாலை போட்டிருந்ததாம். பாட்டி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, நேராகப் போய் நெற்றியில் விரல் வைத்தாராம். பேரன் சொன்னது. ஒரே ஜில்லாவில் முப்பது வருடம் இருந்திருக்கிறார்கள்.

சரி, என் யோக்கியதையையும் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு வருடம் முந்தி, ஒரு ஹட்டியில் ஒரு அம்மா இறந்ததாக விளம்பரம் பார்த்தேன். அதே பேர், அதே ஊர். போய்ப் பார்க்காமல் மணியார்டரை ‘இறந்துவிட்டார்’ என்று எழுதித் திருப்பிவிட்டேன். அடுத்த மாதம் அந்த அம்மா கம்பு ஊன்றிக்கொண்டு கவுன்டருக்கு வந்து, தான் எப்போது செத்தது என்று படகா பாஷையில் நிதானமாகக் கேட்டார். உதவித்தொகை திரும்ப வருவதற்குள் அவரும் நானும் நடையாய் நடந்தோம். தாத்தா பேரைப் பேரனுக்கும் பாட்டி பேரைப் பேத்திக்கும் வைக்கிற ஊரில் பேர் ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. கணவர் அல்லது அப்பா பேர், வீடு இருக்கும் இடம், பிள்ளைகள் எத்தனை, இந்த மூன்றும் ஒத்துப்போனால்தான் அதே ஆள். வயசை நம்பவே வேண்டாம்.

ஒரு சட்ட விஷயம், சுருக்கமாக. பேப்பர் துண்டு இறப்புக்கு அத்தாட்சி ஆகாது. வாரிசுக்கும் பேங்குக்கும் இறப்புச் சான்றிதழ்தான் வேண்டும். 21 நாளுக்குள் பதிய வேண்டும், அதுவும் உயிர் பிரிந்த இடத்தில். வீடு கோத்தகிரியில் இருந்தாலும் கோவை ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் பதிவு கோவையில்தான். பழைய சான்றிதழ் தேடி இங்கே அலைகிறவர்களிடம் நான் சொல்வது, பழைய அஞ்சலி விளம்பரம் இருந்தால் எடுங்கள், எந்த ஊரில் காலமானார் என்று போட்டிருக்கும், அங்கே போய்க் கேளுங்கள் என்றுதான்.

வெட்டி வைப்பதானால், வெட்டுவதற்கு முன்னால் ஓரத்தில் பேப்பர் பேரும் தேதியும் எழுதிவிடுங்கள். துண்டில் தேதி இருக்காது, ‘நேற்று காலை’ என்று மட்டும் இருக்கும். எந்த நேற்று? பசை போட்டு ஒட்டாதீர்கள். இந்த ஈரத்தில் பூசணம் பிடிக்கும், பூச்சியும் வரும். நான் பழைய டைரித் தாள்களுக்கு நடுவே சும்மா செருகி, பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். மஞ்சளாகிறவற்றை ஜெராக்ஸ் எடுத்துவிடுவேன்.

உங்கள் வீட்டில் கொடுக்க வேண்டி வந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விளம்பரத்துக்கு இடத்தை அளந்துதான் காசு. செலவைக் குறைக்க எல்லோரும் வெட்டுவது பிறந்த ஊரையும் பார்த்த வேலையையும். ‘ஆறாத் துயரில் ஆழ்த்திவிட்டு’ மட்டும் அப்படியே நிற்கும். துயரை வெட்டுங்கள், ஊரை விட்டுவையுங்கள். அது யார் கண்ணில் படப் போகிறது என்று யாருக்குத் தெரியும்.

என்னுடையதை நானே டைரிக் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். தோற்றம், பிறந்த ஊர், அப்பா பேர், வேலை, ஏழே வரி. வீட்டுக்காரி ஒருநாள் எடுத்துப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். “ஜூன்னு போட்டிருக்கீங்க, அது ஸ்கூல்ல வாத்தியார் போட்ட தேதி. ஐப்பசி மழையில பொறந்தான்னுதான உங்கம்மா சொல்லுவாங்க” என்று பென்சிலைக் கையில் கொடுத்தாள்.