இரண்டு வாரமாக இருமலா? சளி மாதிரியைச் சரியாகக் கொடுக்கும் முறை

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காசநோய் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனைக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் டப்பாவை நீட்டி, "சளி எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்பதோடு பல இடங்களில் விளக்கம் முடிந்துவிடுகிறது. வாங்கிப் போனவர் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுகிறார். கிருமி இருப்பதோ நுரையீரலில். நோய் இருந்தும் 'இல்லை' என்று முடிவு வர இந்த ஒரு தவறு போதும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

1. டப்பாவைத் தயார் செய்தல்

பொதுவாக இரண்டு மாதிரிகள் கேட்பார்கள். ஒன்று மருத்துவமனையிலேயே கொடுப்பது. மற்றொன்று விடியற்காலையில் எழுந்ததும் வீட்டில் எடுப்பது. இரவு முழுவதும் சேர்ந்த சளி காலையில் கெட்டியாக வரும் என்பதால் அந்த மாதிரியை அலட்சியம் செய்யாதீர்கள். பெயர் டப்பாவின் உடம்பில் இருக்கட்டும். மூடியில் மட்டும் எழுதினால், ஆய்வகத்தில் மூடியைக் கழற்றியதும் அது யாருடையது என்ற குழப்பம் வரும்.

2. வாயைக் கொப்பளித்தல்

சாப்பிடுவதற்கும் பல் துலக்குவதற்கும் முன்பு, வெறும் தண்ணீரால் நன்றாகக் கொப்பளியுங்கள். பல்செட் இருந்தால் கழற்றிவிடுங்கள். கிருமிநாசினித் திரவங்களால் கொப்பளிக்க வேண்டாம்.

3. இடம்

மொட்டை மாடி, கொல்லைப்புறம் என்று காற்றோட்டமான திறந்த இடமாக இருக்கட்டும். அருகில் யாரும் நிற்கக் கூடாது. இருமும்போதுதான் கிருமி காற்றில் பரவுகிறது. மூடிய குளியலறையில் இருமினால் அடுத்து நுழைபவருக்கு ஆபத்து.

4. இருமுதல்

எல்லாம் இதில்தான் இருக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை ஆழமாக இழுத்துச் சில நொடிகள் நிறுத்தி, மெதுவாக விடுங்கள். இன்னொரு முறையும் அப்படியே செய்யுங்கள். மூன்றாவது முறை மூச்சை இழுத்ததும் அடிவயிற்றிலிருந்து பலமாக இருமுங்கள். ஒரு கையை வயிற்றில் வைத்துப் பாருங்கள்: தசை வெடுக்கென்று இறுகினால் அது சரியான இருமல். தொண்டை மட்டும் கரகரத்தால் அது வெறும் செருமல். அதில் எச்சில்தான் வரும்.

மேலே வந்த சளியை, டப்பாவைக் கீழுதட்டோடு ஒட்டிப் பிடித்து உள்ளே விடுங்கள். குறைந்தது 2 மில்லி லிட்டர், அதாவது ஏறக்குறைய அரைத் தேக்கரண்டி தேவை. ஒரே இருமலில் அவ்வளவு வராது. இளைப்பாறிவிட்டு மறுபடி முயலுங்கள்.

பிறகு டப்பாவைச் சாய்த்துப் பாருங்கள். மஞ்சளாகவோ வெண்மையாகவோ, கொழகொழவென்று மெல்ல நகர்ந்தால் சளி. நுரையோடு தண்ணீராக ஓடினால் எச்சில். இன்னும் கொஞ்சம் இருமி எடுங்கள். இரத்தக் கீற்று தெரிந்தால் தூக்கி எறியாமல் அதையே கொடுத்து, விஷயத்தையும் சொல்லுங்கள். இரத்தமாகவே வந்தால் மாதிரிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சளி வரவே இல்லையென்றால் வெதுவெதுப்பான நீர் குடித்து, கொஞ்ச நேரம் நடந்துவிட்டு முயலுங்கள். சிறு குழந்தைகளால் இப்படிக் கொடுக்க முடியாது. அவர்களுக்கு மருத்துவமனையில் வேறு வழி இருக்கிறது.

5. ஒப்படைத்தல்

மூடியை இறுக்கித் திருகி, கையை சோப்பால் கழுவுங்கள். வெயில் படாமல் அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள்.

நுண்ணோக்கியில் கிருமி தெரிய வேண்டுமென்றால் ஒரு மில்லி லிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் ட்ரூநாட், சிபிநாட் கருவிகள் அதைவிட மிகக் குறைவாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடும். காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்றும் காட்டும். எனவே எந்தப் பரிசோதனை செய்தார்கள் என்று கேளுங்கள். 'நெகட்டிவ்' என்று வந்தும் இருமல் விடவில்லையா? எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஊர் என்ன சொல்லுமோ, பெண்ணுக்கு வரன் தட்டிப்போகுமோ என்று இருமலை மறைப்பவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் காசநோய் குணமாகும். வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படும் சாதாரண வகைக்கு 6 மாத சிகிச்சை. அரசு மருந்தை இலவசமாகத் தருவதோடு, சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் போடுகிறது. சந்தேகம் இருந்தால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள்.