பல் நிற அடைப்பு பழுப்பேறுவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்பல்லில் வைத்த கம்போசிட் அடைப்பு (பிசினும் நுண்ணிய கண்ணாடித் துகளும் கலந்த பல் நிற அடைப்பு) சீக்கிரமே பழுப்பேறிவிட்டால், வைத்த சிமெண்ட் மட்டமானது என்றே பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் குறை அதன் மேற்பரப்பில்தான் இருக்கிறது. நீல ஒளி காட்டி இறுக வைக்கும்போது, ஆக்சிஜன் படும் மேல்படலம் மட்டும் முழுமையாக இறுகாமல் பிசுபிசுப்பாக நின்றுவிடும். அதைத் தேய்த்து நீக்காவிட்டால் கறை முதலில் அங்கேதான் ஏறும். மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை அழுத்தி இறுக வைத்த பரப்பு பளபளவென்று இருந்தாலும், அதன் மேல்பகுதியில் கண்ணாடித் துகள் குறைந்து பிசினே மிகுந்திருப்பதால், அந்த வழவழப்பை நம்பி பாலிஷ் செய்யாமல் விடுவதும் தவறுதான்.

ஆகவே, கடிக்கும்போது உறுத்தவில்லை என்றவுடன் பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று நாற்காலியை விட்டு எழுந்துவிடாதீர்கள். சொரசொரப்பு சராசரியாக 0.2 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் அழுக்குப் படலம் கூடுதலாகப் படியத் தொடங்கும் என்பது பல் மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. அதற்குள் கொண்டுவர, பாலிஷ் செய்யும் முரட்டுத் தேய்ப்புத் தட்டில் தொடங்கிப் படிப்படியாக நைசான தட்டுக்கு வர வேண்டும். இடையில் ஒரு படியைத் தாவினால் முந்தைய கீறல்கள் அப்படியே தங்கிவிடும். பொறுமை வேண்டிய வேலை இது. மருத்துவரை அவசரப்படுத்துவது நமக்கே நட்டம்.

அடைப்புக்குப் பல்லோடு பொருந்தும் நிறம் பார்ப்பதையும் பல் ஈரமாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும், உலர்ந்த பல் உள்ளதைவிட வெளுப்பாகத் தெரியும்.

அடைத்த பிறகும் 24 மணி நேரம் வரை இறுகுதல் சிறிது சிறிதாகத் தொடர்வதால், அன்றே ஏற்காட்டுக் காப்பியையோ, பீட்ரூட் துருவல் வைத்த தட்டுவடை செட்டையோ, மஞ்சள் தூக்கலான குழம்பையோ தவிர்ப்பது நல்லது. பின்னர் இவற்றைக் கைவிடத் தேவையில்லை, உடனே வாய் கொப்பளித்தால் போதும். வெற்றிலை பாக்கை மட்டும் அப்படிச் சொல்ல மாட்டேன், அதை விட்டே ஆக வேண்டும். கறையைப் போக்கக் கரித்தூளும் உப்பும் வைத்துத் தேய்ப்பவர்கள் பாலிஷைத் தாங்களே அழித்துவிடுகிறார்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷும் பிசினை மெல்ல இளக்கும். பற்களை வெளுக்கச் செய்தாலும் அடைப்பு கூடவே வெளுக்காது. புதிய அடைப்பு வேண்டுமென்றால் வெளுப்பித்து இரண்டு வாரமாவது கழித்து வைப்பதே முறை.

பழுப்பேறியதும் பெயர்த்தெடுக்கச் சொல்வதும் அவசர முடிவு, ஏனெனில் ஒவ்வொரு முறை பெயர்க்கும்போதும் நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்தே போகும். பரப்பு முழுதும் மங்கியிருந்தால் மறுபாலிஷே பெரும்பாலும் போதும். விளிம்பில் மட்டும் கோடாகக் கருத்திருந்தால், அடைப்புக்கும் பல்லுக்கும் இடையே கசிவு உண்டா என்று மருத்துவர் சோதித்துப் பார்க்க வேண்டும்.