ஊருக்கு மாஸ்டர் பிளான் வருகிறதா? அந்த இரண்டு மாதத்தைக் கோட்டை விடாதீர்கள்

"உங்க ஊரு மாஸ்டர் பிளான்ல வருதாமே" என்று நிலத் தரகர் சொல்லித்தான் பாதிப் பேருக்கு விஷயமே தெரிய வருகிறது. மாஸ்டர் பிளான், அரசு மொழியில் முழுமைத் திட்டம், என்பது ஊரில் எந்த இடத்தில் என்ன கட்டலாம், எங்கே சாலை, எங்கே பூங்கா என்று நிறம் போட்டு முடிவு செய்யும் வரைபடம். அவருக்கு ஆறு மாதம் முன்பே தெரிந்திருக்கும், ஊராட்சித் தலைவருக்குத் தெரிந்திருக்கலாம், நமக்குத் தெரியும்போது ஆட்சேபம் சொல்லும் தேதி முடிந்து போயிருக்கும். அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதை, ஒரு முறை தாமதமாகப் போய்ச் சூடுபட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் யார் எதைச் செய்கிறார்கள் என்பது. தமிழ்நாட்டில் இதற்கெல்லாம் அடிப்படை 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். சென்னையைச் சுற்றி சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது எல்லோரும் சொல்லும் டிடிசிபி. அதன் கீழே ஊர் ஊருக்கு உள்ளூர் திட்டக் குழுமங்கள். சென்னைப் பெருநகர எல்லையை 2022-ல் 1,189 சதுர கிலோமீட்டரில் இருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அறிவித்தார்கள், அதனால் நேற்று வரை டிடிசிபி என்று நினைத்துக்கொண்டிருந்த கிராமம் இன்று சிஎம்டிஏ கணக்கில் இருக்கலாம். உங்கள் ஊர் யாரிடம் இருக்கிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள், தப்பான அலுவலகத்தில் மனு கொடுத்து ஒரு மாதத்தைத் தொலைத்தவர்கள் உண்டு.

அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தத்தோடு வந்த பன்னிரண்டாவது அட்டவணையில் நகராட்சிகளுக்கு என 18 வேலைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. முதல் இரண்டே நகரத் திட்டமிடலும் நிலப் பயன்பாட்டை முறைப்படுத்துவதும்தான். ஆனால் நடைமுறையில் ஒரு சின்ன நகராட்சியிலோ பேரூராட்சியிலோ திட்ட வரைபடம் போடத் தெரிந்த ஆள் கிடையாது, சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளவும் முடியாது. அந்த இடத்தில்தான் மாநில அரசு வருகிறது: திட்ட அலுவலர்கள் இயக்ககத்தில் இருந்து வருகிறார்கள், நகரங்களுக்கான அம்ருத் திட்டத்தின் கீழ் செயற்கைக்கோள் படத்தை வைத்து ஜிஐஎஸ் என்னும் கணினி வரைபடம் போட ஒன்றிய அரசின் பணம் வந்திருக்கிறது, கடைசி ஒப்புதலும் மாநில அரசுடையதுதான். உதவி என்று பார்த்தால் நல்ல உதவி. ஆனால் வரைபவர் உங்கள் ஊரில் ஒரு மழைக்காலமாவது இருந்து பார்த்தவர் கிடையாது. அந்தக் குறையை நாம்தான் நிரப்ப வேண்டும்.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஏரிக்கு வரும் வரத்து வாய்க்கால் ஒன்று, வருடத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும், நடுவில் முழுக்கச் சீமைக்கருவேலம். மேலிருந்து எடுத்த படத்தில் அது புதர் மண்டிய தரிசு மாதிரித்தான் தெரியும். வரைவில் அந்த இடம் முழுக்க ஒரே நிறத்தில் குடியிருப்புப் பகுதி. வாய்க்கால் கோட்டையே காணோம். எங்களில் மூன்று பேர் போய்ப் பார்த்தபோது தேதி முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. "இப்ப எழுதிக் கொடுங்க, பாப்போம்" என்றார்கள். பாப்போம் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

அதனால் வேலையை வரைவு வருவதற்கு முன்பே தொடங்குங்கள். கிராம வரைபடம் ஒன்று வாங்குங்கள், சர்வே எண்கள் எல்லாம் அதில் இருக்கும். அப்புறம் 'அ' பதிவேடு. இதுதான் முக்கியம், ஒவ்வொரு சர்வே எண்ணும் அரசுக் கணக்கில் என்ன வகை, நஞ்சையா புஞ்சையா, ஓடைப் புறம்போக்கா, மேய்க்காலா (மேய்ச்சல் நிலம்), நத்தமா (குடியிருக்கும் இடம்) என்று அதில்தான் இருக்கிறது. அரசின் இ-சர்வீசஸ் தளத்திலேயே ஒவ்வொரு எண்ணாகப் பார்க்கலாம், செலவில்லை. சந்தேகமான இடங்களுக்கு மட்டும் புல வரைபடம், அதாவது அந்த ஒரு சர்வே எண்ணின் அளவு வரைபடம், எடுத்தால் போதும். இவற்றை வைத்துக்கொண்டு ஏரி, குளம், வரத்து வாய்க்கால், கலங்கலில் இருந்து தண்ணீர் வெளியேறும் வழி, மேய்ச்சல் நிலம், சுடுகாட்டுப் பாதை, தண்ணீர் தேங்கும் தாழ்வான தெருக்கள், எல்லாவற்றையும் சர்வே எண்ணோடு ஒரு தாளில் எழுதுங்கள். பெரிய வெள்ளம் வந்த ஆண்டில் தண்ணீர் எது வரை ஏறியது என்று வயதானவர்களைக் கேட்டால் சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள், அதையும் போட்டோ எடுத்து வையுங்கள். இந்தத் தாளை ஊராட்சி மன்றத் தீர்மானத்தோடு சேர்த்து திட்டக் குழும அலுவலகத்தில் முன்கூட்டியே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். வரைபவர்களும் மனிதர்கள்தான், கையில் சரியான தகவல் இருந்தால் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளவே பார்ப்பார்கள்.

சரி, வரைவு வந்துவிட்டது. சட்டப்படி அரசிதழிலும் அந்தப் பகுதியில் ஓடும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வர வேண்டும், வரைவை எங்கே போய்ப் பார்க்கலாம் என்றும் சொல்ல வேண்டும். ஆட்சேபமோ ஆலோசனையோ எழுத்தில் கொடுக்க, அரசிதழில் வந்த நாளில் இருந்து குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். இந்த இரண்டு மாதம்தான் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம். தேதியை நாளிதழை வைத்துக் கணக்கிடாதீர்கள், அரசிதழ் தேதியைப் பாருங்கள்.

வரைபடத்தைப் பார்க்கும்போது பலரும் தங்கள் நிலத்தை மட்டும் தேடிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பக்கத்து நிலத்தைப் பாருங்கள் என்பேன் நான். உங்கள் வீடு குடியிருப்புக்கான மஞ்சளில் பத்திரமாக இருக்கும், மேற்கே இரண்டு சர்வே எண் தள்ளி தொழிற்சாலைப் பகுதி என்று போட்டிருக்கும், காற்றும் சாயக்கழிவும் எந்தப் பக்கம் வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நிறத்துக்கு என்ன அர்த்தம் என்பது வரைபடத்தின் ஓரத்திலேயே இருக்கும், ஊகிக்க வேண்டாம். வரைபடத்தோடு ஒரு அறிக்கையும் இருக்கும், கனமான புத்தகம். அதில் மக்கள்தொகைக் கணிப்பு, போக்குவரத்து, உத்தேச சாலைகள் ஆகிய பகுதிகளையாவது புரட்டுங்கள்.

இன்னொரு குழப்பம், இதைச் சொல்லாமல் விட முடியாது. பட்டாவில் நஞ்சை என்று இருப்பதும் மாஸ்டர் பிளானில் விவசாயப் பகுதி என்று இருப்பதும் ஒன்றல்ல. ஒன்று வருவாய்த் துறைக் கணக்கு, மற்றது இனி அங்கே என்ன கட்டலாம் என்ற முடிவு. பட்டாவில் நஞ்சையாக இருப்பது பிளானில் குடியிருப்பாக மாறியிருக்கலாம், ஐம்பது வருடமாக வீடு இருக்கும் தெரு பிளானில் விவசாயமாக விழுந்திருக்கலாம். இரண்டாவது வகைதான் ஏழைகளைக் கடிக்கும், மாடி எடுக்க அனுமதி கேட்கும்போதோ வங்கிக் கடன் கேட்கும்போதோதான் தெரிய வரும். காலனிப் பகுதிகளையும் நத்தத்துக்கு வெளியே வளர்ந்த தெருக்களையும் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபாருங்கள்.

மனுவுக்கு வருவோம். "எங்கள் ஊரின் பசுமையைக் காப்பாற்றுங்கள்" என்று மூன்று பக்கம் எழுதினால் ஒரு வரியில் நிராகரிக்கலாம். சர்வே எண் போட்டு ஒரு பத்தி எழுதினால் அந்த எண்ணுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இந்த மாதிரி:

"வரைவு முழுமைத் திட்ட வரைபடத்தில் எங்கள் கிராமத்தின் சர்வே எண் 214/3 குடியிருப்புப் பகுதியாகக் காட்டப்பட்டுள்ளது. கிராம 'அ' பதிவேட்டின்படி இது ஓடைப் புறம்போக்கு (நகல் இணைப்பு 1). ஏரிக்கு நீர் வரும் வழி இதுவே (புகைப்படங்கள் இணைப்பு 2). எனவே இதை நீர்நிலையாகக் காட்டி வரைபடத்தைத் திருத்தக் கோருகிறேன். இது குறித்து நேரில் விளக்க எனக்கு வாய்ப்பளிக்கவும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கேட்டவர்களுக்கு நேரில் சொல்ல வாய்ப்பு தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, கேட்காதவர்களை யாரும் கூப்பிடப் போவதில்லை. ஒரே மனுவில் இருபது விஷயம் வேண்டாம், இடத்துக்கு ஒரு மனு. நூறு பேர் ஒரே நகலில் கையெழுத்துப் போடுவதைவிட, பத்துப் பேர் அவரவர் பிரச்சினையைத் தனித்தனியாக எழுதுவது மேல். விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கிராமமாக இருந்தால் கிராம சபையையும் பயன்படுத்துங்கள். குடியரசு தினம், மார்ச் 22, மே 1, சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டம் இருக்கிறது, இரண்டு மாதத்துக்குள் ஒன்றாவது விழ வாய்ப்பு அதிகம், விழாவிட்டால் சிறப்புக் கூட்டம் கேட்கலாம். திட்டக் குழுமம் அந்தத் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்றில்லை, ஆனால் கோப்பில் அது இருக்கும், பின்னால் நீதிமன்றம் போனால் உதவும். நகரத்தில் இருப்பவர்களுக்கு, கிராம சபை மாதிரியே, 2022-ல் இருந்து பகுதி சபா வந்திருக்கிறது, வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள்.

உத்தேச சாலை, பூங்கா என்று உங்கள் நிலத்தின் மேல் கோடு விழுந்திருந்தால் பதற வேண்டாம், சும்மாவும் இருக்க வேண்டாம். சட்டத்தின் 38-ஆவது பிரிவு, அறிவிப்பு வந்த நாளில் இருந்து மூன்று ஆண்டுக்குள் அந்த நிலத்தைக் கையகப்படுத்த அரசு நடவடிக்கை எடுக்காமலும் உடன்பாட்டில் வாங்காமலும் இருந்தால் ஒதுக்கீடு நீங்கியதாகக் கருதப்படும் என்கிறது. நில உரிமையாளருக்கு இது நியாயம். ஆனால் ஊர்ப்பக்கம் நின்று பாருங்கள்: பூங்கா என்று பச்சையில் போட்ட இடமும் இதே வழியில்தான் கை நழுவிப் போகிறது. திட்டம் வந்த முதல் வருடமே எந்த இடத்தை வாங்க எங்கிருந்து பணம் என்று மன்றத்தில் கேள்வி எழுப்பும் உறுப்பினர் ஒருவராவது ஊருக்கு வேண்டும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றலாம். கோயம்புத்தூரைப் பாருங்கள்: அதன் பழைய முழுமைத் திட்டத்துக்கு 1994-ல் ஒப்புதல் கிடைத்தது, அடுத்த வரைவு மக்கள் பார்வைக்கு வந்தது 2024-ல். முப்பது வருடம். இப்போது தவறாக விழும் ஒரு நிறத்தோடு உங்கள் பிள்ளைகள் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கும்.

அரசு ஒப்புதல் வந்த பிறகும் கண்ணை மூட முடியாது. தனிப்பட்ட சர்வே எண்களுக்கு நிலப் பயன்பாட்டை மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பங்கள் வந்துகொண்டே இருக்கும், அரசுக்குத் திட்டத்தைத் திருத்தும் அதிகாரம் இருக்கிறது. இந்தக் கோப்புகளில் உள்ளாட்சி மன்றத்தின் தீர்மானம் கேட்கப்படுவதுண்டு, அது மன்றக் கூட்ட அஜெண்டாவில் பதினேழாவது பொருளாக, தெருவிளக்கு பல்பு வாங்குவதற்கும் கால்வாய் தூர்வாருவதற்கும் நடுவில், சர்வே எண்ணாக மட்டும் வந்து போகும். உறுப்பினரிடம் அஜெண்டா நகல் வாங்கிப் படியுங்கள். தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, "கடந்த ஓராண்டில் நிலப் பயன்பாட்டு மாற்றம் தொடர்பாக மன்றம் நிறைவேற்றிய தீர்மானங்களின் நகல்" என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் அந்த எண்களை உங்கள் பழைய தாளோடு ஒப்பிட்டு, அதில் ஓடையோ மேய்க்காலோ இருக்கிறதா என்று பாருங்கள்.