பழைய ஸ்போர்ட் டூரர் வாங்கும் முன் வால்வு பில்லைக் கேளுங்கள்

புது நாட்டில் வேலை நிலைத்து, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் நம்மில் பலருக்குப் பெரிய பைக் ஆசை வந்துவிடும். அதிலும் ஸ்போர்ட் டூரர் என்றால் தனி மயக்கம். நாள் முழுக்க ஓட்டலாம், பின்னால் ஒருவரை உட்கார வைக்கலாம், இரண்டு பக்கமும் பெட்டி மாட்டிக்கொண்டு எங்கு வேண்டுமானாலும் போகலாம். யமஹா எஃப்ஜேஆர்1300, ஹோண்டா விஎஃப்ஆர்800, பிஎம்டபிள்யூ ஆர்1200ஆர்டி எல்லாம் பழையதில் நல்ல நிலையிலேயே கிடைக்கின்றன. தாராளமாக வாங்குங்கள். என் நண்பன் பட்டது மட்டும் உங்களுக்கு வேண்டாம்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் உரிமம் இந்த அளவு பைக்குக்குச் செல்லுமா என்று முதலில் பாருங்கள். ஐரோப்பாவில் நடுத்தர பைக்குகளுக்கான ஏ2 உரிமத்துக்கு 35 கிலோவாட்தான் எல்லை. மேலே சொன்னவை எல்லாம் அதைத் தாண்டியவை. காப்பீட்டுத் தொகையை வாங்கும் முன்பே விசாரியுங்கள், புதிதாக வந்தவருக்கு அதிகமாகவே சொல்வார்கள். சேசிஸ் எண்ணும் பதிவுத் தாளும் ஒத்துப்போகின்றனவா, கடன் பாக்கி உண்டா, விபத்தில் கழித்த வண்டியா என்று பாருங்கள். அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான விஷயமான வால்வுக்கு வருகிறேன். இன்ஜினுக்குள் காற்றை விட்டுப் புகையை வெளியேற்றத் திறந்து மூடும் கதவுதான் வால்வு. அதற்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி இருக்க வேண்டும். நாம் பழகிய வண்டிகளில் அந்த இடைவெளி கூடி டேப்பெட் சத்தம் கேட்டால் மெக்கானிக் மூடியைத் திறந்து, கேஜ் விட்டு அளந்து, திருகிச் சரிசெய்துவிடுவார். டீ குடித்து வருவதற்குள் வேலை முடிந்திருக்கும். அந்தப் பழக்கத்தில் நாம் இன்ஜின் சத்தத்தை வைத்தே வண்டியை எடை போடுகிறோம். இந்த பைக்குகளில் அந்தக் கணக்கு எடுபடாது.

வால்வு போய் உட்காரும் இடம் தேயத் தேய, வால்வு மேலே ஏறி இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் சத்தமும் குறையும்! கடைசியில் வால்வு முழுசாக மூடாமல் நிற்கும். மூடியிருக்கும் நேரத்தில்தான் புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை ஹெட்டுக்கு, அதாவது இன்ஜினின் மேல் பகுதிக்கு, இறக்கும். அது முடியாமல் போனால் விளிம்பு கருகிவிடும். ஆக, பூனை மாதிரி ஓடுகிற இன்ஜினைப் பார்த்து மயங்காதீர்கள்.

நண்பன் வாங்கிய விஎஃப்ஆர் அப்படித்தான் இருந்தது. பளபளப்பு, குறைந்த கிலோமீட்டர், சர்வீஸ் புத்தகம் நிறைய முத்திரை. "ஃபுல் சர்வீஸ் செய்த வண்டி" என்று விற்றவர் அடித்துச் சொன்னார். குளிர் வந்ததும் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. பிரித்துப் பார்த்தால் எக்ஸாஸ்ட் வால்வு கருகியிருந்தது. முத்திரைகள் எல்லாம் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியதற்கு. வால்வை ஒருவரும் தொட்டதே இல்லை. வண்டி விலையில் பாதிக்கு மேல் பட்டறைக்குப் போனது. அவன் ஊருக்குப் போகச் சேர்த்து வைத்திருந்த பணம் அது. விற்றவர் போனை எடுக்கவே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

வி-டெக் என்ற வால்வு அமைப்புள்ள விஎஃப்ஆரில் சுமார் 25,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வால்வு பார்க்க வேண்டும். எஃப்ஜேஆரில் சுமார் 40,000. வெளி மூடியான ஃபேரிங், டேங்க், ஏர் பாக்ஸ் எல்லாம் கழற்றி, பதினாறு வால்வையும் அளந்து, தேவைப்பட்டால் வால்வைத் தள்ளும் கேம்ஷாஃப்டைத் தூக்கி, இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் என்ற சிறு தகடுகளை மாற்ற வேண்டும். கூலி மணிக்கணக்கில். அதனால்தான் பலர் அந்தக் கிலோமீட்டர் நெருங்கும்போது வண்டியை விற்கிறார்கள். பிஎம்டபிள்யூவில் சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் இந்த வேலை எளிது. ஆனால் அதை அடிக்கடி செய்ய வேண்டும்.

எனவே முத்திரை போதாது, வேலை விவரம் எழுதிய பில் வேண்டும். வால்வு இடைவெளி பார்த்ததாக அதில் எழுதியிருக்க வேண்டும். அளவுகளும் இருந்தால் இன்னும் நல்லது. எழுபதாயிரம் ஓடிய, பில் உள்ள வண்டியை, முப்பதாயிரம் ஓடிய, பில் இல்லாத வண்டிக்கு மேலாக நான் எடுப்பேன்.

பார்க்கப் போகும்போது இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்த நிலையில் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று தெரிய வேண்டும். டயரில் DOT என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 3219 என்றால் 2019-இன் 32-ஆவது வாரம். விஎஃப்ஆர் என்றால் வோல்ட் மீட்டர் எடுத்துப் போங்கள். பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் அதன் ரெகுலேட்டர் பேர் கெட்டது. ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் பேட்டரியில் 14 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். அப்புறம், பக்கப் பெட்டிகளுக்குச் சாவி இருக்கிறதா என்று கேளுங்கள்.

பில் இல்லை, ஆனால் வண்டி பிடித்துவிட்டது என்றால், அங்கே நின்றபடியே ஒரு பட்டறைக்குப் போன் போட்டு மாடலைச் சொல்லி, வால்வு வேலைக்கு எவ்வளவு என்று கேளுங்கள். அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். வேலைக்குப் பிறகு வால்வு கருகியிருப்பது தெரிந்தால் அந்தக் கழிவு போதாது, அதனால் சிலிண்டரில் அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனைக்கும் சம்மதம் கேளுங்கள். இரண்டுக்கும் மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.