ஹோலியைப் புரிந்துகொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹோலி என்றதும் வண்ணப்பொடியை மட்டுமே நினைப்பதுதான் பரவலான முதல் தவறு. பால்குனம் என்னும் சந்திர மாதத்தின் பௌர்ணமி மாலையில் மூட்டப்படும் ஹோலிகா தகனத் தீயே இப்பண்டிகையின் உயிர். வண்ணம் மறுநாள் காலையில்தான். வட இந்தியக் கிராமங்களில், துளையிட்ட சிறு வரட்டிகளை மாலையாகக் கோத்து அத்தீயில் இடுகிறார்கள். புதிதாக விளைந்த கோதுமை, வாற்கோதுமைக் கதிர்களை அதன் தணலில் வாட்டிப் பகிர்ந்து உண்கிறார்கள். குளிர்காலப் பயிர் அறுவடைக்கு நிற்கும் பருவம் அது. இந்தக் கதிரை மறந்துவிட்டால் பண்டிகையின் பொருளில் பாதியை இழந்துவிடுகிறோம் என்பது என் உறுதியான கருத்து.

அன்று இரணியகசிபு அழிந்தான் என்று சொல்வதும் பிழையே. தீயில் அழிந்தவள், பிரகலாதனை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்த இரணியகசிபுவின் தங்கை ஹோலிகை. நரசிம்மர் தோன்றியது அதன் பிறகு.

'புரா ந மானோ, ஹோலி ஹை' (தவறாக எண்ணாதீர்கள், இன்று ஹோலி) என்ற சொல்லை எவர்மீதும் கைவைக்கக் கிடைத்த உரிமையாகக் கொள்வது, மிகுந்த வேதனை தரும் தவறு. கண்ணன் தோழர்களுடன் வந்து ராதையைச் சீண்டியதாகச் சொல்லப்படும் பர்சானாவில், பால்குன வளர்பிறை நவமியன்று கண்ணனின் ஊரான நந்தகாவ் ஆண்கள் வந்து கேலிப் பாட்டுப் பாட, ஊர்ப் பெண்கள் தடியால் அடிக்கிறார்கள். ஆண்கள் கேடயத்தால் தடுத்துக்கொள்ளலாமே தவிர, திருப்பி அடிக்கக் கூடாது. கேலிக்கும் அங்கே எல்லை உண்டு, அதைக் காக்கும் தடி பெண்கள் கையில்தான் இருக்கிறது.

வண்ணத்துக்கு ரசாயனச் சாயம்தான் வழி என்று எண்ணவும் வேண்டாம். சென்னைப் புரசைவாக்கத்தின் பெயரில் வாழும் அதே புரசு மரத்தின் பூவைக் கொதிக்கவைத்து இறக்கிய செம்மஞ்சள் நீரே, கண்ணன் வளர்ந்த மதுரா வட்டாரமான விரஜ பூமியின் பழைய வண்ணம்.

நாள் கணிப்பிலும் குழப்பம் நேர்கிறது. பால்குனம் சந்திர மாதம், பங்குனி சூரிய மாதம் என்பதால் ஹோலியும் பங்குனி உத்திரமும் எப்போதும் ஒன்றாக வருவதில்லை: 2024இல் இரண்டும் மார்ச் 25ஐ ஒட்டி வந்தன, 2025இல் ஹோலி மார்ச் 14, உத்திரம் ஏப்ரல் 11.

அதேபோல், நம் ஊர்க் காமன் பண்டிகையை 'தமிழ் ஹோலி' என்று சுருக்குவதும் பொருந்தாது. அங்கும் தீ உண்டு. ஆனால் எரிபவன் சிவனின் நெற்றிக்கண்ணுக்கு இலக்கான மன்மதன். ஹோலிகைக்காக எவரும் அழுவதில்லை. காமனுக்காகவோ ரதியின் ஒப்பாரி ஒலிக்கிறது, அவன் எரிந்தானா இல்லையா என்று 'எரிந்த கட்சி'யும் 'எரியாத கட்சி'யும் லாவணி பாடி வாதிடுகின்றன.