நோயாளி பாதுகாப்புப் பயிற்சி: பேச்சாளரின் நலன் முரணைக் கேட்பது, சரிசெய்வது, சொல்வது

"நலன் முரண் ஏதும் உண்டா?", அதாவது சொந்த ஆதாயம் உங்கள் பேச்சைச் சாய்க்குமா என்று பேச்சாளரிடம் கேட்டால், பெரும்பாலும் "அப்படியெல்லாம் ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை, தனக்குச் சாய்வு கிடையாது என்று உண்மையாகவே நம்புகிறார். அதனால் அந்தக் கேள்வியே வேண்டாம். பணத் தொடர்புகளை மட்டும் கேளுங்கள். அது முரணா இல்லையா என்று பார்ப்பது பயிற்சியை நடத்தும் உங்கள் வேலை.

இங்கே சொல்வது, அமெரிக்காவில் தொடர் மருத்துவக் கல்விக்கு அங்கீகாரம் தரும் ஏசிசிஎம்இ அமைப்பின் நெறிமுறைப்படி. 2020 டிசம்பரில் வெளியாகி, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

படி 1: தலைப்பைப் பாருங்கள்

தலைமைப் பண்பு, குழுவுக்குள் பேசிப் பழகுவது போன்ற சிகிச்சை சாராத வகுப்புக்கு இதெல்லாம் தேவையில்லை. மருந்து, கருவி, கிருமிநாசினி என்று வந்துவிட்டால் தேவை.

படி 2: படிவம் அனுப்புங்கள்

பேச்சாளர் ஸ்லைடு தயாரிக்க உட்காரும் முன்பே அனுப்பிவிடுங்கள். பாடத்தைத் திட்டமிடுபவர்களும் சரிபார்ப்பவர்களும்கூட நிரப்ப வேண்டும்.

நோயாளிகளுக்குப் பயன்படும் பொருட்களைத் தயாரிக்கும், விற்கும், விநியோகிக்கும் நிறுவனங்களோடு கடந்த 24 மாதங்களில் இருந்த எல்லாப் பணத் தொடர்பையும் கேளுங்கள். குறைந்தபட்சத் தொகை என்று எதுவும் கிடையாது. ஆலோசனைக் கட்டணம், பேச்சுக் கட்டணம், ராயல்டி, பங்கு, ஆராய்ச்சி நிதி எல்லாம் இதில் வரும். ஆராய்ச்சி நிதி அவர் வேலை பார்க்கும் நிறுவனத்துக்குப் போயிருந்தாலும், ஆய்வாளராக அவர் பெயர் இருந்தால் சொல்லியாக வேண்டும். பலதரப்பட்ட மியூச்சுவல் ஃபண்டைச் சொல்ல வேண்டியதில்லை.

மின்னணு மருத்துவப் பதிவு மென்பொருள் நிறுவனங்கள் இந்த வரையறைக்குள் வராது. மருந்துப் பிழை பற்றிய வகுப்பில் இது கொஞ்சம் உறுத்துகிறது. விதி கேட்காவிட்டாலும் நான் கேட்டு வைப்பேன்.

படி 3: உரிமையாளர், ஊழியர்

அத்தகைய நிறுவனத்தின் உரிமையாளரோ ஊழியரோ என்றால், சில விதிவிலக்குகள் தவிர, பேச்சாளராக முடியாது. கருவியைப் பாதுகாப்பாக இயக்குவதை மட்டும் கற்றுத்தரும் டெக்னீஷியன் ஒரு விதிவிலக்கு. அவரும் கருவியைப் பயன்படுத்தலாமா, எப்போது பயன்படுத்தலாம் என்று பரிந்துரைக்கக் கூடாது.

படி 4: தொடர்பு தலைப்புக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள்

இன்ஃப்யூஷன் பம்ப், அதாவது மருந்தைச் சீராக உடலுக்குள் செலுத்தும் கருவி, அதன் எச்சரிக்கை ஒலிகள் பற்றி ஒரு வகுப்பு. பேச்சாளர் 14 மாதம் முன்புவரை ஒரு பம்ப் நிறுவனத்தின் ஆலோசகர். "அது முடிந்துபோன கதை" என்பார். 24 மாதத்துக்குள் இருப்பதால் கணக்கில் வரும். இதே ஆள் நோயாளி கீழே விழாமல் தடுப்பது பற்றிப் பேசினால், அந்த நிறுவனம் பம்ப் மட்டுமே விற்கிறது என்றால், பொருந்தாது.

பொருந்தினால், எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவரிடம் ஸ்லைடுகளைக் கொடுங்கள். ஒரே நிறுவனத்தின் படம்தான் திரும்பத் திரும்ப வருகிறதா? ஆதாரம் எல்லாம் அந்த நிறுவனம் பணம் கொடுத்த ஆய்வுகளா? மாற்று வழி ஒன்றாவது சொல்லப்பட்டிருக்கிறதா? இதையெல்லாம் அவர் பார்க்கட்டும். சரிப்படவில்லையா, அந்தப் பகுதியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

பாதுகாப்புத் துறையில் எல்லோரும் நல்லவர்கள்தானே, இவ்வளவு எதற்கு என்று தோன்றலாம். 2014 ஜனவரியில் கேர்ஃபியூஷன் நிறுவனம், தோலுக்கான கிருமிநாசினி ஒன்றைப் பற்றிய குற்றச்சாட்டுகளை முடித்துக்கொள்ள அமெரிக்க அரசுக்கு 4.01 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. பாதுகாப்பு நடைமுறைகளைப் பரிந்துரைக்கும் தேசியக் குழுவின் இணைத் தலைவராக இருந்த மருத்துவருக்கு 1.1 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது என்பது அவற்றில் ஒன்று. நீதிமன்றத்தில் நிரூபணமானதல்ல, சமரசமாக முடிந்தது. ஆனாலும் எந்த நாற்காலி என்று பாருங்கள்.

படி 5: கேட்பவர்களிடம் சொல்லுங்கள்

வகுப்பு தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும். இப்படி இருந்தால் போதும்:

"டாக்டர் (பெயர்): (நிறுவனம்), ஆலோசகர், தொடர்பு முடிந்துவிட்டது. பொருந்தும் தொடர்புகள் அனைத்தும் சரிசெய்யப்பட்டுவிட்டன. மற்றவர்களுக்கு இத்தகைய தொடர்பு எதுவும் இல்லை."

லோகோ, பொருளின் வணிகப் பெயர் கூடாது. யாருக்கும் தொடர்பு இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள். ஸ்லைடைக் கண் சிமிட்டும் நேரம் காட்டிவிட்டு ஓடாதீர்கள், படித்து முடிக்கும்வரை நிற்கட்டும்.

அப்புறம், கடைசி நேரத்தில் பேச்சாளர் மாறினால் புதியவருக்கும் படி 2-லிருந்து எல்லாம் உண்டு. படிவம் வராதவரை மைக் கொடுக்காதீர்கள்.